சாந்தோம் சாலையில் ஒரு பெயரேடு

சாந்தோம் நெடுஞ்சாலையில், தூய தோமையாரின் கல்லறைமேல் எழுந்து நிற்கும் பேராலயத்துக்கு நாள்தோறும் எத்தனையோ பேர் வந்து போகின்றனர். அதே சாலையிலுள்ள மற்றோர் அலுவலகத்தை அவர்களுள் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் என்பது அதன் பெயர். இம்மாநிலத்தில் செவிலியராகப் பணியாற்ற விரும்புகிறவர் தம் பெயரை அக்குழுமத்தின் பெயரேட்டில் பதிந்துகொண்டாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பொருட்டு அங்கே செல்ல நேர்ந்தது. சான்றிதழ்கள் அடங்கிய கோப்பை மார்போடு அணைத்தபடி அவள் உள்ளே நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மணமாகிச் சென்னைக்கு வந்த அவள் தாய், வாசலில் என்னோடு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவர் கேட்டார்: "சாமி, எம் மக நோயாளியைப் பெத்த தாயைப் போலப் பாக்கா. படிச்சு முடிச்சாச்சு, பரீட்சை எழுதியாச்சு. இப்போ வெளிநாடு போகணும்னா மறுபடியும் ஒரு பரீட்சையாம். அன்பா பாத்துக்கிடுறதுக்கு எதுக்கு இத்தனை பரீட்சை?"

"எல்லாம் அரசாங்கச் சட்டம், அம்மா" என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. ஒரு காலத்தில் அது என் கேள்வியாகவும் இருந்தது. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

'செவிலி' என்னும் சொல்லைச் சங்க இலக்கியம் நமக்குத் தந்தது. தலைவியை எடுத்து வளர்த்த தாய், தோழியைப் பெற்ற தாய், அவளே செவிலி. நோயாளிக்குப் பணிவிடை செய்பவரை இந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கியபோது தமிழர் நெஞ்சில் இருந்தது தாய்மை. திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு 'உழைச்செல்வான்' என்னும் ஒருவனையும் சேர்த்து, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்கிறார். அருகிருந்து பணிவிடை செய்பவனே அவன். அவனுக்கு இருக்க வேண்டியவை எவை என்று பரிமேலழகர் கணக்கிடுகிறார்: நோயாளியிடம் அன்பு, மனமும் மொழியும் உடலும் தூய்மையாயிருத்தல், சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் திறன், அறிவு. அன்பில் தொடங்கி அறிவில் முடிகிறது அப்பட்டியல். நம் முன்னோர் இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டிருக்கின்றனர். அவற்றைப் பிரித்தது பிற்காலம்.

பிரிந்ததற்குச் சான்று தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. சென்னையில் 1854ஆம் ஆண்டு, தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றுக்கு அரசு ஒப்புதல் அளித்தது. மகப்பேற்று மருத்துவமனை எழும்பூரில் அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே தோன்றியிருந்தது. அப்பயிற்சியைப் பற்றி இந்தியச் செவிலியர் பாடநூல்கள் ஒரு வியப்பான செய்தியைச் சொல்கின்றன. தேர்வில் தேறியவர்களுக்கு மகப்பேற்றுத் தாதியர் என்ற சான்று வழங்கப்பட்டதாம். தேறாதவர்களுக்கு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்பவர் என்ற சான்று வழங்கப்பட்டதாம்! பிள்ளைப்பேறு பார்க்க அறிவு வேண்டும், நோயாளியைப் பார்க்கத் தோற்றவரே போதும் என்பது அக்காலத்தாரின் எண்ணம். முதல்முறை இதைப் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது 1854இல் அவரோடு துருக்கிக்குச் சென்றவர்களில், இலண்டன் பெர்மாண்ட்சி மடத்தின் இரக்கத்தின் சகோதரிகளும் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்களின் தலைவியான அன்னை மேரி கிளேர் மூர், நைட்டிங்கேலின் வாழ்நாள் தோழியானார். போர் முடிந்து, மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860இல் நைட்டிங்கேல் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய இடம் இலண்டனின் தூய தாமஸ் மருத்துவமனை. அம்மருத்துவமனை முதலில் தாமஸ் பெக்கெட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. 1551இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அப்பெயர் திருத்தூதர் தோமையாருடையதாயிற்று. தொட்டுப் பார்த்த பின்னரே நம்பிய திருத்தூதரின் பெயரால் விளங்கிய இடத்தில், கண்டு எழுதிக் கணக்கிட்டு அறியும் செவிலியம் பிறந்தது. மயிலைக்காரனாகிய எனக்கு இதில் ஒரு சிறு பெருமை, வாசகர்கள் பொறுத்தருள்க.

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆயினும் இந்திய மருத்துவமனைகளில் செவிலியர் முறையை எவ்வாறு அமைக்கலாம் என்று 1865இல் ஆலோசனைகள் எழுதினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர் பொறுப்பேற்க, முன்னரே மகப்பேற்றுச் சான்று பெற்றிருந்த நான்கு பெண்கள் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தனர். இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளி என்று இன்று சொல்லப்படுவது அந்த நால்வரின் வகுப்பே. தேர்வில் தோற்றவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பணிக்கு, தேறியவர்கள் வந்து சேர்ந்தனர்.

இங்கே கதை ஒரு திருப்பம் கொள்கிறது. பயிற்சியின் தாய் என்று போற்றப்படும் நைட்டிங்கேல், செவிலியர்க்கு அரசுத் தேர்வும் பெயரேடும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அதை உறுதியாக எதிர்த்தார். ஒழுக்கத்தையும் உள்ளன்பையும் எந்த வினாத்தாளும் அளக்காது என்பது அவர் வாதம். சாந்தோம் வாசலில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இத்தனை பெரிய துணை இருக்கிறதென்று அன்று நான் அறியேன். எதிரணியில் நின்றவர் எதெல் பெட்ஃபோர்ட் பென்விக் என்னும் செவிலியர் தலைவி. அவருடைய வாதமும் எளியது. நோயாளியால் தன் செவிலியைத் தேர்ந்தெடுக்க முடியாது. மயங்கிக் கிடப்பவன் எவருடைய உள்ளன்பைச் சோதித்துப் பார்ப்பான்? வெள்ளுடை உடுத்திய எவரும் தம்மைச் செவிலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தால் ஏமாறுபவர் ஏழையே. ஏறத்தாழ முப்பதாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1919இல் பிரித்தானியாவில் சட்டம் வந்தது. நைட்டிங்கேல் 1910லேயே மறைந்துவிட்டார்.

அந்தச் சட்டம் வந்து ஏழே ஆண்டுகளில், 1926இல், சென்னை மாகாணம் செவிலியர், தாதியர் சட்டத்தை இயற்றியது. சாந்தோம் சாலைப் பெயரேட்டின் வேர் அதுவே. அகில இந்திய அளவில் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல்தான் வந்தது. 2023இல் நாடாளுமன்றம் அதற்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. சட்டங்கள் வந்தபோதிலும் ஆள்கள் வரவில்லை. 1946இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தபோது, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார். நல்ல குடும்பத்துப் பெண் அந்நிய ஆடவரின் உடலைத் தொடுவதா என்ற தயக்கமும், தீட்டு என்ற எண்ணமும் வழியை மறித்தன. அந்தத் தயக்கத்தைத் தாண்டி முன்வந்தவர்களுள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் மிகப் பலர் என்பதை நாம் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லட்டும், ஆனால் நம் வீட்டுக் கணக்கையும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நோயாளிகளைப் பேணுவதில் திருச்சபைக்குள்ள மரபு மிகப் பழமையானது. அதே திருச்சபை, மருத்துவ அறிவு துறவியரின் கைக்கு எட்டாதவாறு நெடுங்காலம் வேலியும் கட்டியிருந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், உயர் பட்டம் பெற்ற குருக்கள் அறுவை செய்வதைத் தடை செய்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, உரோமையின் தனி அனுமதியின்றி குருக்களும் துறவியரும் மருத்துவம் பார்க்கலாகாது என்றது. பிள்ளைப்பேற்று அறையோ அருட்சகோதரியருக்கு மூடிய கதவு. கன்னிமைக்கு அது பொருந்தாது என்பது அன்றைய கருத்து. பேறுகால வேதனையில் ஒருத்தி துடிக்கும்போது, அடுத்த அறையில் சகோதரி செபமாலை உருட்டலாம். கை கொடுக்க முடியாது. ஆண் மருத்துவர் நுழைய முடியாத வீடுகள் நிறைந்த நம் நாட்டில் அதன் விளைவு என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலியைத் தகர்த்ததில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் முதிய வயதில் கத்தோலிக்கரானவர். இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று உரோமையின் கதவுகளைத் தட்டிக்கொண்டே 1913இல் இறந்தார். அவரைப் பற்றிய ஒரு சிறு வெளியீடு, ஆஸ்திரேலியாவில் மேரி குளோரி என்ற இளம் மருத்துவரின் கைக்குக் கிடைத்தது. மெல்போர்ன் நகரில் கண் மருத்துவராக நல்ல நிலையில் இருந்த அவர், அனைத்தையும் விட்டு 1920இல் நம் மாகாணத்துக் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் பார்க்க அவருக்குத் திருத்தந்தையின் தனி அனுமதி கிடைத்தது. அவர் செய்தவற்றுள் நான் பெரிதாகக் கருதுவது, உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்பவர்களாகவும் தாதியராகவும் செவிலியராகவும் பயிற்றுவித்ததையே. தம் இரு கைகள் போதா என்று அவர் அறிந்திருந்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே.

1936 பெப்ருவரி 11, லூர்து அன்னையின் திருவிழா. அன்று உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் வெளியிட்ட அறிவுரை அந்தப் பழைய கதவைத் திறந்தது. மறைபரப்பு நாடுகளில் அருட்சகோதரியர் தாய்சேய் நலப் பணியில் ஈடுபடலாம். அதற்கு அவர்கள் மருத்துவப் பட்டமும் செவிலியர் சான்றும் பெற வேண்டும் என்றது அது. அனுமதியையும் கல்வியையும் ஒரே மூச்சில் சொன்ன அவ்வாவணத்தை நம் ஆலயங்களில் எவரும் வாசிப்பதில்லை. அந்நாளையே 1992இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் அன்று நோயாளிகளுக்கு எண்ணெய் பூசுகிறோம். செவிலியரின் படிப்பை நினைப்பதில்லை.

மயிலாப்பூரின் தூய இசபெல் மருத்துவமனை 1949இல் தோன்றியது. போர்த்துக்கல் அரசியாயிருந்து புனிதரானவரின் பெயர் அது. போர்த்துக்கீசிய ஞானாதரவில் நெடுங்காலம் இருந்த மயிலை மறைமாவட்டம், அதற்கு மூன்றாண்டுகள் கழித்து 1952இல் சென்னை உயர்மறைமாவட்டத்தோடு இணைந்தது. தென் சென்னைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் எத்தனை பேர் தம் பிறந்த இடம் என்று அம்மருத்துவமனையைச் சொல்கின்றனர்! 1936க்கு முந்திய சட்டம் நீடித்திருந்தால் அப்பிள்ளைகளை ஒரு சகோதரியும் கையில் ஏந்தியிருக்க முடியாது. அடையாற்றில் 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையமும், மருத்துவர் சாந்தா 1955 முதல் 2021இல் மறையும்வரை அங்கே ஆற்றிய தொண்டும் யாவரும் அறிந்தவை. மருத்துவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. தாங்க முடியாத வலிக்கு மார்பின் கொடுக்கும்முன் நோயாளியின் மூச்சை எண்ணிப் பார்த்த செவிலியரின் பெயர் எவருக்குத் தெரியும்?

இனி, அந்தத் தாய் அலுத்துக்கொண்ட தேர்வுக்கு வருவோம். அமெரிக்காவில் பணியாற்ற விரும்பும் செவிலியர் எழுதும் உரிமத் தேர்வின் பெயர் என்க்ளெக்ஸ். அது 1994 முதல் கணினியில் நடக்கிறது. எழுதுகிறவரின் ஒவ்வொரு விடையையும் பார்த்துக் கணினி அடுத்த வினாவைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 85 வினாக்கள், மிகுந்தால் 150. ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரல் முதல், நினைவாற்றலைவிட நோயாளியின் நிலையைக் கண்டு முடிவெடுக்கும் திறனை மேலும் கூர்மையாகச் சோதிக்கிறது. இத்தகைய தேர்வுகளுக்குப் படிக்கும் இரண்டு மூன்று பெண்கள் மாலையில் எங்கள் பங்கு மன்றத்தில் கூடுகின்றனர். தியாகராய நகரில் பயிற்சிக்குப் போய்விட்டு வருபவள் ஒருத்தி. பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருபவள் ஒருத்தி. அவர்கள் வாய்விட்டுப் படிப்பது என் அறைக்குக் கேட்கும். கேட்கக் கேட்க எனக்கே ஆர்வம் பிறந்தது.

ஒரு வினா இப்படி: நால்வர் உன் பொறுப்பில் உள்ளனர். கால் முறிந்த ஒருவர் வலியால் கத்துகிறார். சர்க்கரை நோயாளி ஒருவர் உணவு வரவில்லை என்று சினந்துகொள்கிறார். ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். நேற்றுக் கழுத்தில் தைராய்டு அறுவை செய்துகொண்ட பெண், குரல் கம்முகிறது, கழுத்தில் ஏதோ இறுக்குகிறது என்று மெல்லச் சொல்கிறார். முதலில் யாரிடம் போவாய்? கத்துகிறவரிடம் என்றேன் நான். பெண்கள் சிரித்தனர். "இல்லை ஃபாதர், கடைசிப் பெண்ணிடம். உள்ளே இரத்தம் கசிந்தால் மூச்சுக்குழல் அடைபடும், சில நிமிடத்தில் உயிர் போய்விடும். முதலில் மூச்சுவழி, அடுத்து மூச்சு, அதற்கடுத்து இரத்த ஓட்டம்." முப்பதாண்டுகளாகப் பங்கில் உரக்கக் கத்துகிறவரிடமே முதலில் ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்னும் எத்தனையோ கேட்டேன். டிஜாக்சின் கொடுக்கும்முன் இதயத் துடிப்பை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். பெரியவருக்கு அறுபதுக்குக் குறைந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரே நரம்பில் ஒருபோதும் ஏற்றக்கூடாது, இதயம் நின்றுவிடும். இரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் பதினைந்து நிமிடம் நோயாளியை விட்டு நகரக்கூடாது. நல்ல சமாரியர் உவமையை இப்போது வாசிக்கும்போது, லூக்கா சொல்லும் எண்ணெயும் திராட்சை மதுவும் என் கண்ணில் படுகின்றன. மது புண்ணைக் கழுவும், எண்ணெய் ஆற்றும். அந்த மனிதர் பரிவு கொண்டதோடு நிற்கவில்லை. காயத்துக்கு என்ன செய்வதென்று அறிந்திருந்தார். கட்டினார், ஏற்றிச் சென்றார், தாம் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ள ஆளையும் ஏற்பாடு செய்தார்.

ஒரு மாலை, ஒருத்தி புத்தகத்திலிருந்து வாசித்தாள்: "பக்கவாதத்தால் தாக்குண்டு சேர்க்கப்பட்ட நோயாளி தாகமாக இருக்கிறது என்கிறார். செவிலி முதலில் செய்ய வேண்டியது என்ன?" விடைகளை அவள் வாசிக்கும்முன் நான் சொல்லிவிட்டேன்: விழுங்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும், அதுவரை வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது.

"ஃபாதருக்கு எப்படித் தெரியும்?" என்று வியந்தாள். படித்தது என்றேன்.

படித்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் என் தாய் பக்கவாதத்தால் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது; வலக்கை விழுந்துவிட்டது. வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம் என்று கட்டிலில் அட்டை தொங்கியது. காப்பி வேண்டும் என்று அம்மா இடக்கையால் சைகை காட்டினார். வாழ்நாளெல்லாம் விடியற்காலைக் காப்பியில் பொழுதைத் தொடங்கியவர். பணியிலிருந்த இளம் செவிலியிடம் கேட்டேன். "கூடாது ஃபாதர், நாளைக்குச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான்" என்றாள், முகத்தில் சிரிப்பில்லாமல். இரக்கமற்றவள் என்று எண்ணிக்கொண்டேன். அவள் வேறு கட்டிலுக்குப் போனதும், குடுவையிலிருந்த காப்பியில் மூன்று கரண்டி நானே ஊட்டினேன். அம்மா இருமக்கூட இல்லை. கண்ணில் ஒரு நிறைவு தெரிந்தது. பக்கவாத நோயாளியிடம் அந்த இருமல் வராமைதான் கொடிது என்பதையும், தொண்டை உணர்விழந்திருக்கையில் நீர் ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதையும் பின்னர் அறிந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. நுரையீரல் அழற்சி என்றனர். ஒன்பதாம் நாள் அம்மா இறைவனடி சேர்ந்தார். இன்ன காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். அந்தச் செவிலியிடம் நான் கரண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. நாங்கள் உடலை எடுத்துச் செல்லும்போது அவள் வந்து என் தாயின் கையை மடித்து, செபமாலையைச் சரிசெய்து வைத்தாள்.

சாந்தோம் வாசலில் அந்தத் தாய் கேட்டபோது நான் நழுவியதற்குக் காரணம் இதுதான்.

நம் பிள்ளைகள் ஏன் அயல்நாடு போகின்றனர் என்று பிரசங்க மேடையில் வருந்துகிறவர்களும் உண்டு. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று, உச்ச நீதிமன்ற ஆணையின் பேரில் அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது. அதைத் தருகிறோமா என்று முதலில் நம் கத்தோலிக்க நிறுவனங்களைக் கேட்டுவிட்டுப் பிறகு வருந்தலாம்.

அந்தத் தாயின் மகளுக்கு அடுத்த மாதம் தேர்வு. ஒருமுறை எழுதித் தவறியவள்; இது இரண்டாம் முறை. போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தாய் வந்து, "சாமி, செபத்துல நினைச்சுக்கிடுங்க" என்றார். நினைக்கிறேன் என்றேன். பிறகு, அவர் அன்று கேட்ட கேள்விக்கு இத்தனை காலம் கழித்து விடை சொன்னேன். காப்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை மன்றத்துக்கு ஒரு தூக்கில் சுண்டல் வந்தது, படிக்கிற பிள்ளைகளுக்கு என்று.

மன்றத்தில் இரவு பத்து மணிவரை விளக்கு எரிகிறது. மின்கட்டணம் ஏறிவிட்டது என்று கோயில்பிள்ளை முறையிடுகிறார்.